நீராவிக் கப்பல் பொறித்த சின்ன மெடல் கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது?

தாத்தாவின் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கலாம். பழைய சாமான் கடையில் கலவையாகக் குவித்து வைத்த நாணயங்களுக்கு நடுவே இருக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஆற்றங்கரைச் சேற்றில்கூடக் கிடைக்கலாம். ஒரு பக்கம் புகைபோக்கியும் பாய்மரமுமாக ஒரு நீராவிக் கப்பல், மறுபக்கம் பாதி தேய்ந்த எழுத்து. இது எந்தக் கப்பல், எப்போது செய்தது, எதற்குச் செய்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஒரு மெடலுக்குள் மூன்று காலங்கள் இருக்கின்றன: அந்தக் கப்பல் ஓடிய காலம், மெடல் கொண்டாடும் நிகழ்ச்சியின் காலம், மெடல் அச்சடிக்கப்பட்ட காலம். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1807-இல் ஓடிய கப்பலை 1909-இல் ஆயிரக்கணக்கில் மெடலாக அடித்திருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்ததும் கப்பல் பெயரை ஊகித்து, அந்தக் கப்பலின் வருடத்தை மெடலுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் உலோகம், அடுத்து விளிம்பு, அப்புறம்தான் கப்பல். படம் வரைந்தவர் தப்புச் செய்திருக்கலாம். உலோகத்தின் எடை மாறாது.

தேய்க்க வேண்டாம்

அழுக்கான உலோகத்தைப் பார்த்தால் புளியை எடுப்பது நம் கை வழக்கம். எலுமிச்சை, வினிகர், பற்பசை, பித்தளை பாலிஷ் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எதுவும் வேண்டாம். செம்பு, வெண்கல மெடல்கள் பலவற்றுக்குச் செய்த இடத்திலேயே பழுப்பு நிறம் ஏற்றித்தான் வெளியே அனுப்பினார்கள். புளி போட்டுத் தேய்த்தால் அந்த நிறம் போய் வெறும் செம்பு பளபளக்கும், பழைய நிறம் திரும்ப வராது. வெள்ளீயக் கலவை மெடல் இன்னும் மோசம். அது மிக மென்மையானது. துணியில் மணல் துகள் ஒன்று இருந்தாலே கோடு விழும். கப்பலின் கயிறுகள், கொடி, வடிவமைத்தவரின் மயிரிழைக் கையெழுத்து எல்லாம் முதலில் தேய்ந்து போகிற இடங்கள். அடையாளம் காண நமக்கு வேண்டியதும் அவைதான்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சற்று நேரம் ஊறவிட்டு, குழந்தைகள் பயன்படுத்தும் மென்மையான பிரஷ்ஷால் அழுத்தாமல் தட்டி எடுக்கலாம். உடனே பஞ்சுத் துணியில் ஒற்றிக் காயவிடுங்கள். இரும்பு என்று சந்தேகம் இருந்தால் தண்ணீரே வேண்டாம்.

தெரிந்த நகைக்கடைக்காரரிடம் கொண்டு போனால் ஒரு எச்சரிக்கை. பழக்கத்தில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். கொடுக்கும் முன்பே "உரசாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். காரட் மீட்டர் வைத்திருக்கும் கடையாக இருந்தால் கீறல் இல்லாமலே வெள்ளி இருக்கிறதா, செம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

எங்கே கிடைத்தது என்பதை எழுதி வையுங்கள்

இடம், தேதி, கூடவே என்ன இருந்தது என்ற மூன்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கிடைத்தது என்றால் அந்தப் பெட்டி யாருடையது, அவர் பினாங்கு போனவரா, கொழும்பில் வேலை பார்த்தவரா, கப்பலில் ஏதாவது உத்தியோகமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

மண்ணிலிருந்து எடுத்தது என்றால் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உண்டு. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய பொருளைக் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடம் கடந்த தொல்பொருளை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. லண்டனில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: தேம்ஸ் நதியின் கரைச் சேற்றில் பொருள் தேடுவதற்குத் துறைமுக ஆணையத்தின் அனுமதி வாங்கியாக வேண்டும்.

அளவும் எடையும்

வெர்னியர் காலிப்பர் ஒன்று, நகை எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, காந்தம் ஒன்று. இவ்வளவுதான் கருவி. குறுக்களவை மில்லிமீட்டரில் இரண்டு திசையில் அளந்து எழுதுங்கள். தடிமனையும் எழுதுங்கள். எடையைக் கிராமில், ஒரு தசமப் புள்ளியாவது வருகிற மாதிரி பாருங்கள்.

இப்போது காந்தம். ஒட்டினால் இரும்பு. கப்பல் மெடலில் இரும்பு என்றால் மனம் உடனே முதல் உலகப் போர்க் காலத்துக்குப் போக வேண்டும். செம்பு முழுக்க ஆயுதத் தொழிற்சாலைக்குப் போய்விட்டதால் ஜெர்மனியில் அப்போது இரும்பிலும் துத்தநாகத்திலும் நிறைய மெடல் செய்தார்கள்.

ஒட்டாவிட்டால் அடர்த்தி பார்க்கலாம். கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் சமையலறை மேசையிலேயே செய்துவிடலாம். தராசின் மேல் பாதி தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். மெடலை நூலில் கட்டி, அடியில் முட்டாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் மெடலின் கனஅளவு. வெளியே எடுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. என்னிடம் உள்ள ஒரு சாம்பல் நிற மெடலின் எடை 27.8 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 3.8. வகுத்தால் 7.3. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3 என்பதால் இது வெள்ளீயக் கலவை என்று சொல்லிவிடலாம். வெள்ளி 10.5, செம்பு 8.9, பித்தளை 8.5-ஐ ஒட்டி வரும், காரீயம் 11.3, அலுமினியம் 2.7. வார்ப்பிரும்பும் துத்தநாகமும் வெள்ளீயத்துக்கு அருகில்தான் வரும். இரும்பைக் காந்தம் பிரித்துக் காட்டிவிடும்.

அலுமினியம் வந்தால் சந்தோஷப்படுங்கள், காலம் பாதி தெரிந்துவிட்டது. 1886-இல் மின்சாரத்தால் அலுமினியம் பிரித்தெடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது மலிவானது. மலிவான நினைவு மெடல்களில் அது பரவியது 1890-களில் இருந்து. ஆக, 1858 என்று வருடம் போட்ட கப்பல் மெடல் அலுமினியமாக இருந்தால், அது அந்த நிகழ்ச்சியின்போது செய்தது அல்ல.

மெடல்தானா என்று பாருங்கள்

வட்டமாகக் கப்பல் போட்டதெல்லாம் மெடல் ஆகிவிடாது. பின்புறம் கொக்கியோ கொக்கி உடைந்த தடமோ இருந்தால் சீருடைப் பொத்தான். ஊசி பற்றவைத்த தழும்பு இருந்தால் பேட்ஜ். எண் மட்டும் பெரிதாக அடித்து, வேலைப்பாடு குறைவாக இருந்தால் கப்பல் பட்டறையிலோ துறைமுகத்திலோ கொடுத்த டோக்கனாக இருக்கலாம்.

தலைப்பக்கம் வளையம் வைத்து, டாலர் மாதிரி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும் மெடல்களில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் தாடிக்காரர் ஒரு பக்கம், மறுபக்கம் கப்பல், ரயில், கார், விமானம் என்று இருந்தால் அவர் புனித கிறிஸ்டோபர், பயணிகளின் காவலர். அதில் உள்ள கப்பல் எந்தக் குறிப்பிட்ட கப்பலும் அல்ல. அதற்குப் பெயர் தேடி அலைய வேண்டாம். விமானமும் இருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்பது மட்டும் உறுதி.

ஓட்டை போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். ஓட்டையின் ஓரம் சுத்தமாக, எழுத்தைக் கெடுக்காமல் இருந்தால் விற்கும்போதே போட்டதாக இருக்கலாம். ரிப்பனில் கோத்துச் சட்டையில் குத்திக்கொள்ள அப்படித்தான் விற்றார்கள். எழுத்தின் மேலேயே கோணலாக ஆணி அடித்த மாதிரி இருந்தால் வாங்கியவர் வேலை. விலை குறையுமே தவிர அடையாளம் மாறாது.

விளிம்பு பேசும்

மெடலை நிறுத்தி, விளிம்பை லென்ஸில் ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். நான் மிக அதிகமாக நம்புவதும் இதையே.

பிரான்சின் பாரிஸ் நாணயச்சாலை தன் மெடல்களின் விளிம்பில் ஒரு சின்னக் குறியை அடித்து வந்தது. காலத்துக்குக் காலம் குறி மாறும். 1832-இல் இருந்து 1841 வரை பழங்கால விளக்கு, அடுத்த ஒரு வருடம் நங்கூரம், 1842-இல் இருந்து 1845 வரை கப்பலின் முன்பகுதி, 1860 வரை சுட்டிக்காட்டும் கை, 1879 முடிய தேனீ, 1880 முதல் பழங்கள் வழியும் கொம்பு. பக்கத்திலேயே வெண்கலம், செம்பு, வெள்ளி என்று உலோகத்தின் பெயர் பிரெஞ்சில் இருக்கும். மெடலின் முகத்தில் 1840-களின் கப்பலும் தேதியும் இருக்கலாம். விளிம்பில் கொம்பு இருந்தால் அது 1880-க்குப் பிறகு பழைய அச்சை வைத்து மறுபடி அடித்தது. மூன்று காலங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அந்தக் கப்பல் முன்பகுதிக் குறியும் நங்கூரக் குறியும் எந்தப் பொருளின் மெடலிலும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவை கால அடையாளம் மட்டுமே.

நங்கூரம் பிரிட்டிஷ் வெள்ளியிலும் வரும். நடக்கும் சிங்கத்துக்குப் பக்கத்தில் சின்ன நங்கூரம் இருந்தால், கப்பல் மெடல் ஆயிற்றே என்று கடற்படையோடு முடிச்சுப் போட வேண்டாம். பர்மிங்ஹாம் நகரத்தில் வெள்ளியின் தரம் பார்த்து அடிக்கும் முத்திரை அது. லண்டன் என்றால் சிறுத்தைத் தலை. கூடவே இருக்கும் ஒற்றை எழுத்து வருடத்தைக் குறிக்கும். அந்த எழுத்தின் வடிவத்தையும் கட்டத்தின் வடிவத்தையும் முத்திரை அட்டவணையோடு ஒப்பிட்டால் எந்த வருடம் என்று கிடைத்துவிடும்.

விளிம்பில் ஒரு ஆளின் பெயர் வெட்டியிருந்தால் அது கடையில் விற்ற நினைவுப் பொருள் அல்ல, யாருக்கோ வழங்கிய விருது. தேடல் வேறு பாதையில் போகும். விளிம்பைச் சுற்றி நடுவில் மெல்லிய தையல் போலக் கோடு ஓடினால், அல்லது அரத்தால் ராவிய தடம் இருந்தால், அச்சில் அடிக்காமல் வார்த்து எடுத்ததாக இருக்கலாம். வார்த்த நகல்கள் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிடக் குறுக்களவில் சற்றுச் சிறியதாக இருக்கும். அளவை மில்லிமீட்டரில் எழுதச் சொன்னது இதற்கும் உதவும்.

இப்போது கப்பல்

அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை மேசை மட்டத்தில் படுக்க வைத்து, வெளிச்சம் மெடலின் மேல் சாய்ந்து விழும்படி செய்யுங்கள். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் பத்துப் படம் எடுங்கள். நேர்வெளிச்சத்தில் காணாமல் போன பாய்மரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

அப்புறம் எண்ணுங்கள். புகைபோக்கி எத்தனை? பாய்மரம் எத்தனை? பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் இருக்கிறதா? அணியம், அதாவது முன்பகுதி, வில் போல வளைந்து நீள்கிறதா, செங்குத்தாக இறங்குகிறதா?

பக்கச் சக்கரம், நீளமான மெல்லிய ஒற்றைப் புகைபோக்கி, சக்கரத்துக்கு மூடிகூட இல்லை என்றால் நீராவிப் படகுகளின் தொடக்க காலம். நடுவில் பெரிய அரைவட்டப் பெட்டிக்குள் சக்கரம், கூடவே பாய்மரங்கள் என்றால் 1830-களுக்குப் பிறகு பெருங்கடலைத் தாண்டியவை. கிரேட் வெஸ்டர்ன் 1838-இல் அப்படித்தான் நியூயார்க் போனது. சக்கரம் இல்லாமல் புகைபோக்கியும் பாய்மரமும் மட்டும் தெரிந்தால் நீருக்கடியில் புரொப்பல்லர் சுழல்கிறது என்று அர்த்தம். பக்கச் சக்கரத்தோடு, மேல்தளத்துக்கு மேலே வைர வடிவில் ஒரு பெரிய நெம்புகோல் தெரிந்தால் அமெரிக்க ஆற்றுக் கப்பலாக இருக்கலாம். சக்கரம் பின்பக்கம் இருந்தால் மிசிசிப்பி வகை.

ஒற்றைப் புகைபோக்கிக்கு ஆறு பாய்மரம் என்று எண்ணிக்கை வந்தால் அது ஏறக்குறைய ஒரே கப்பல்: கிரேட் பிரிட்டன். 1843 ஜூலை 19 அன்று பிரிஸ்டலில், விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் முன்னிலையில் மிதக்கவிட்ட இரும்புக் கப்பல், புரொப்பல்லர் பூட்டியது. பிற்பாடு பாய்மரங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆகவே ஆறும் இருந்தால் அதன் ஆரம்ப காலத் தோற்றம். அந்தக் கப்பல் 1970-இல் ஃபாக்லாந்துத் தீவிலிருந்து பிரிஸ்டலுக்கே திரும்பி, இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. அதனால் கப்பல் ஒன்றாக இருந்தாலும் மெடல் ஐம்பது வருடத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கலாம். உலோகத்தையும் விளிம்பையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு புகைபோக்கி என்றால் பெரும்பாலோர் நாக்கு நுனியில் டைட்டானிக் நிற்கும். நிதானமாகப் பாருங்கள். இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுவில் பெரிய இடைவெளி விட்டு நின்றால் 1897-இல் வந்த கைசர் வில்ஹெல்ம் டெர் குரோஸ் தொடங்கிய ஜெர்மன் வகை. சம இடைவெளியில் நின்றால் குனார்டு கம்பெனியின் லூசிடேனியா, மாரிடேனியா அல்லது ஒயிட் ஸ்டார் கம்பெனியின் ஒலிம்பிக், டைட்டானிக் போன்றவை. மூன்று புகைபோக்கியும் பளிங்கு போலச் சுத்தமான மேல்தளமும் 1935-இன் நார்மண்டி. மூன்று புகைபோக்கி எம்டனுக்கும் உண்டு, ஆனால் அது போர்க்கப்பல். பீரங்கியும் தாழ்ந்த உடலும் காட்டிக் கொடுத்துவிடும்.

எனாமல் பூசிய பேட்ஜாக இருந்தால் நிறமும் உதவும். குனார்டு சிவப்பு, மேலே கருப்பு. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த ரஜூலா போன்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்களுக்குக் கருப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. மலேயா போய்வந்த குடும்பத்துப் பெட்டியில் கிடைத்த பேட்ஜ் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு மெடலை முழுக்கப் பார்ப்போம்: கிரேட் ஈஸ்டர்ன்

சாம்பல் நிறம், 41 மில்லிமீட்டர், மேலே ஓட்டை. மேலே அடர்த்தி பார்த்த அதே மெடல். கப்பலில் பக்கச் சக்கரப் பெட்டி இருக்கிறது. புகைபோக்கி ஐந்து, பாய்மரம் ஆறு. இந்த எண்ணிக்கை உலகத்தில் ஒரே கப்பலுக்குத்தான் உண்டு.

பொறியாளர் புருனெல் வடிவமைத்து, லண்டனில் தேம்ஸ் கரையின் மில்வாலில் ஸ்காட் ரஸ்ஸலின் பட்டறையில் கட்டிய கிரேட் ஈஸ்டர்ன். மொத்த நீளம் 692 அடி. கப்பல்காரர்கள் வேறு முறையில் அளந்த நீளம் 680 அடி. இரண்டில் எந்த எண் மெடலின் பின்புறத்தில் தென்பட்டாலும் இந்தக் கப்பல்தான். அகலம் 83 அடி. நாலாயிரம் பயணிகளை ஏற்றலாம் என்பது திட்டம். பக்கச் சக்கரம், புரொப்பல்லர், பாய் மூன்றும் ஒரே கப்பலில். நீளம் காரணமாகப் பக்கவாட்டில்தான் ஆற்றில் இறக்க வேண்டியிருந்தது. 1857 நவம்பர் 3 அன்று முதல் முயற்சி நின்றுபோனது. நீரியல் அழுத்திகளால் அங்குலம் அங்குலமாகத் தள்ளி, 1858 ஜனவரி 31 அன்றுதான் மிதந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்த காலம் அது. நினைவு மெடல் விற்க அதைவிட நல்ல சந்தை வேண்டாம். மலிவான வெள்ளீயக் கலவை இந்தச் சந்தைக்குத்தான் பொருத்தம்.

பெயரில் ஒரு சிக்கல் வரும். முதல் முயற்சி நாளில் கப்பலுக்கு வைத்த பெயர் லெவியாத்தன். நிலைத்தது கிரேட் ஈஸ்டர்ன். லெவியாத்தன் என்று இருந்தால் தப்பான மெடல் என்று ஒதுக்க வேண்டாம். அது மிதக்கவிட்ட காலத்தை ஒட்டியது என்பதற்கு நல்ல சான்று.

புகைபோக்கியை மறுபடி எண்ணுங்கள். நான்குதான் வருகிறதா? சக்கரப் பெட்டியும் ஆறு பாய்மரமும் இருக்கிறதா? அப்படியென்றால் அதே கப்பல், பிந்திய தோற்றம். 1865-இல் அட்லாண்டிக் கடலடித் தந்தி வடம் போடுவதற்காக, வடச்சுருள் தொட்டிகளுக்கு இடம் வேண்டி ஒரு புகைபோக்கியையும் அதன் கொதிகலன்களையும் எடுத்துவிட்டார்கள். 1866 ஜூலையில் வடம் நியூஃபவுண்ட்லாந்து கரையைத் தொட்டது. 1870-இல் இதே கப்பல்தான் பம்பாயிலிருந்து ஏடனுக்கு வடம் போட்டது. அதற்கும் பிறகு, 1886-இல் லூயிஸ் என்ற லிவர்பூல் பல்பொருள் அங்காடி இதை வாடகைக்கு எடுத்து மிதக்கும் காட்சிக்கூடமாக்கியது. கடையின் பெயரோ 1886-ஓ தெரிந்தால் அந்தக் காலத்துக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை உண்டு. கப்பல் முடிவதற்கு முன்பே வெளிவந்த படங்களைப் பார்த்து வெட்டிய அச்சுகள் நிறைய. ஒரு பாய்மரம் இடம் மாறியிருக்கும், கொடி தலைகீழாகப் பறக்கும். எண்ணிக்கையை நம்புங்கள், சின்னச் சின்ன விவரத்தில் கப்பலின் வரைபடத்தோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடிக்கடி எதிர்ப்படும் வேறு சில

ஒரு பக்கம் பழைய பாய்க்கப்பல், இன்னொரு பக்கம் மெல்லிய புகைபோக்கி வைத்த சக்கரப் படகு, அல்லது இரண்டும் ஒரே பக்கத்தில். 1609, 1807, 1909 என்ற வருடங்களில் ஏதாவது ஒன்று. இது நியூயார்க்கில் 1909 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நடந்த ஹட்சன்-ஃபுல்டன் கொண்டாட்டம். பாய்க்கப்பல், கடலோடி ஹட்சன் 1609-இல் வந்த ஹாஃப் மூன். சக்கரப் படகு, பொறியாளர் ஃபுல்டன் 1807-இல் ஓட்டிய கிளெர்மான்ட். அதிகாரப்பூர்வ மெடலை எமில் ஃபுக்ஸ் வடிவமைத்தார். அதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தெருவில் விற்ற சின்ன மெடல்களும் பேட்ஜ்களும் இருக்கின்றன. புதியவர் கையில் வருவது பெரும்பாலும் அவைதான்.

மூழ்கும் கப்பல் ஒரு பக்கம், மறுபக்கம் கவுன்டரில் டிக்கெட் விற்கும் எலும்புக்கூடு. காந்தம் ஒட்டும். குறுக்களவு ஐந்தரை சென்டிமீட்டர் அளவில். இது லூசிடேனியா. மியூனிக்கில் கார்ல் கோட்ஸ் தன் சொந்த முயற்சியில் செய்த மெடல். ஜெர்மன் நீர்மூழ்கி அந்தக் கப்பலை மூழ்கடித்தது 1915 மே 7, அவர் போட்ட தேதி மே 5. திட்டமிட்டே மூழ்கடித்ததற்கு இதுவே சாட்சி என்று பிரிட்டன் அதை லட்சக்கணக்கில் நகலெடுத்துப் பிரச்சாரத்துக்காக அட்டைப்பெட்டியில் வைத்து விற்றது. மாதத்தின் பெயரைப் படியுங்கள். ஜெர்மன் எழுத்துக்கூட்டல் இருந்தால் கோட்ஸின் வேலையாக இருக்க வாய்ப்பு. ஆங்கிலத்தில் இருந்தால் பிரிட்டிஷ் நகல். உங்களுக்குக் கிடைப்பது நகலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய 1,200 பேர் இறந்த ஒரு சம்பவத்தை இரண்டு நாடுகளும் எப்படிப் பயன்படுத்தின என்பதற்கு அந்த நகலே நேரடிச் சாட்சி. அதனால் அதைத் தாழ்வாக நினைக்க எனக்கு மனம் வராது.

இரட்டைப் புகைபோக்கிக் கப்பலும் உலக வரைபடமும், மறுபக்கம் கடற்படை உடையில் ஏழாம் எட்வர்ட், வெள்ளி, விளிம்பில் பெயர் என்றால் பிரிட்டனின் டிரான்ஸ்போர்ட் மெடல். தென்னாப்பிரிக்கப் போருக்கும் 1900-இல் சீனாவுக்கும் படைகளை ஏற்றிப்போன வணிகக் கப்பல் அதிகாரிகளுக்குக் கொடுத்தது. அதில் இருக்கும் கப்பல் ஓஃபிர். 1901-இல் பிரிட்டிஷ் இளவரசரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்த அதே ஓஃபிர்.

டைட்டானிக் பெயர் போட்ட மெடல் வந்தால் சந்தேகத்தோடு தொடங்குங்கள். விற்பனைக்காகப் பிற்காலத்தில் செய்தவை ஏராளம். உயிர் தப்பியவர்கள் தங்களைக் காப்பாற்றிய கார்ப்பேதியா கப்பலின் ஊழியர்களுக்குக் கொடுத்த மெடல் உண்மையானது, அரிதானது. அதில் உள்ள கப்பலுக்கு ஒரே புகைபோக்கிதான். அதற்கும் நகல்கள் உண்டு.

1914 செப்டம்பர் 22 இரவில் சென்னை மேல் குண்டு போட்ட எம்டனின் நினைவுச்சின்னம் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கப்பலே இருக்காது. அந்த நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை முறியடித்தது. சிதைவிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களின் மேல் கிரீடம் பற்றவைத்து, இரண்டு கப்பல்களின் பெயரையும் தேதியையும் பொறித்து மெடலாக்கினார்கள். பாம்பைக் கவ்விய கழுகைப் பார்த்து வெறும் மெக்சிகோ காசு என்று தள்ளிவிட வேண்டாம்.

எழுத்தைப் படிப்பது

தெரிந்த எழுத்தை அப்படியே எழுதுங்கள், தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஊகத்தை நிரப்ப வேண்டாம். எஸ்.எஸ். என்றால் நீராவிக் கப்பல், பி.எஸ். என்றால் சக்கரக் கப்பல், ஆர்.எம்.எஸ். என்றால் பிரிட்டிஷ் அரசுத் தபால் ஏற்றியது, எஸ்.எம்.எஸ். என்றால் ஜெர்மன் பேரரசின் போர்க்கப்பல். அலைகளுக்குக் கீழே கோடு போட்டுப் பிரித்த சின்ன இடத்தைத் தனியாகப் படம் எடுங்கள். வடிவமைத்தவரின் பெயரோ தலைப்பெழுத்தோ அங்கேதான் ஒளிந்திருக்கும். சிலசமயம் கப்பலின் அடிப்பக்க ஓரத்தில். கப்பல் பெயரைவிட இந்தப் பெயர் தேடலில் சீக்கிரம் கதவைத் திறக்கும்.

ஒப்பிடுவதும் கேட்பதும்

லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் மியூசியமும் தங்கள் மெடல்களைப் படத்தோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. கப்பல் பெயர், உலோகம், குறுக்களவு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். படம் ஒத்து, அளவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் அது வேறு அச்சு அல்லது நகல். பிரிட்டிஷ் மெடல்களுக்கு பி.எச்.எம். (பிரிட்டிஷ் வரலாற்று மெடல்கள் என்ற பட்டியல் நூலின் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் பட்டியல் எண் உண்டு. ஏல விவரங்களில் அந்த எண்ணைக் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேடலுக்கு அது ஒன்றே போதும்.

தெரிந்தவரிடம் கேட்கும்போது இரண்டு பக்கப் படம், விளிம்புப் படம், குறுக்களவு, எடை, காந்தம் ஒட்டியதா, எங்கே கிடைத்தது, எழுத்துகள் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். "இது எவ்வளவு போகும்?" என்று ஆரம்பித்தால் பதில் வருவது சிரமம். "இது என்ன?" என்று கேட்டால் அந்தத் துறையில் இருப்பவர்கள் ஆசையாக உட்கார்ந்து எழுதுவார்கள்.

பத்திரப்படுத்துவது

பழைய மென்பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் செம்பில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். அமிலம் இல்லாத காகித உறையோ கடினமான பாலியெஸ்டர் உறையோ போதும். காரீயம் கலந்த மெடலை மரப்பெட்டியில், குறிப்பாக ஓக் மரத்தில், வைக்காதீர்கள். மரத்தின் அமில ஆவி வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூட வையுங்கள், மழைக்காலத்தில் மாற்றுங்கள். மெடலோடு அட்டைப்பெட்டி, துண்டுச்சீட்டு, ரிப்பன் எது வந்திருந்தாலும் தனி உறையில் போட்டு, மெடலின் உறையில் எழுதிய அதே எண்ணை அதிலும் பென்சிலால் எழுதுங்கள்.